கழுத்தைப் பார்க்காதவன்

அன்றைக்கு ஜெயசுந்தர் அவள் கழுத்தைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள், தாயில்பட்டியில் பட்டாசு ஆலைக்குப் போய்வருகிற ஒருத்தியோடு ஒரு சாயங்காலம் இருந்து பார்க்க வேண்டும். பயராபீசு என்பார்கள் அங்கே. வெடிமருந்து செலுத்துகிற அறையில் இருக்கிறவள் மேல் அலுமினியப் பவுடர் அப்பிக்கொள்ளும். என்னதான் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கழுத்து மடிப்பிலும் காது மடலுக்குப் பின்னாலும் வெள்ளிப் பூச்சு மாதிரிக் கொஞ்சம் மிஞ்சியே தீரும். ஜாஸ்பின் ஆலை வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் புருஷன் ஜெயசுந்தர் அவளை டியூப்லைட்டுக்கு அடியில் நிறுத்துவான். தாடையைப் பிடித்துத் திருப்புவான். பூச்சு எந்த இடத்தில் கலைந்திருக்கிறது, எவன் விரல் பட்டுக் கலைந்தது என்று மூச்சு அவள் தோளில் சுட நின்று ஆராய்வான். வியர்வை வழிந்த கோடுகூட அவனுக்கு ஒரு ஆம்பளையின் விரல்தான். "போர்மேனா? வேன் டிரைவரா? சொல்லுட்டி" என்பான். சொல்ல என்ன இருக்கிறது? அப்புறம் அடி. சந்தேகம் பிடித்தவனுக்குச் சாட்சி எதற்கு?

அப்பேர்ப்பட்டவன், அன்றைக்கு டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வந்துட்டியா? காப்பி வேணும்னா அடுப்புல இருக்கு" என்றான்.

அவள் பழக்க தோஷத்தில் டியூப்லைட்டுக்கு அடியில் போய் நின்றாள். தாடையைத் தூக்கிக்கொண்டு. அவன் திரும்பவே இல்லை. விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி டக்டக்கென்று முட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, வெட்கப்பட்டுப்போய் அடுப்படிக்குப் போனாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வேன் எதற்குப் பிந்தியது என்று கேட்கவில்லை. அவள் செல்போனை வாங்கி நோண்டவில்லை. வாயில் அல்வாத் துண்டு மாதிரி ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, தன் போனில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தான். சிவகாசியில் ஒரு அச்சாபீசுக்குக் காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவன். போனும் கையுமாக அலைவது புதிதில்லை. ஆனால் போனைப் பார்த்து அவன் சிரித்து அவள் கண்டதே இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. பொறாமைதான் வந்தது. சிரிக்காதீர்கள். அடிவாங்குகிறவளுக்குப் பொறாமை வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இத்தனை வருஷம் இந்த மனுஷனின் வெறி முழுக்கத் தன் ஒருத்தி மேல்தான் என்று இருந்தவள். இப்போது அது எங்கேயோ போய்விட்டது. எவளிடம்? அவள் கழுத்து சிவப்பாக இருக்குமோ, அவளுக்கு மருந்து வாடை அடிக்காதோ என்று வேலையில் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்தது.

பக்கத்து மணையில் உட்கார்ந்து மருந்து செலுத்துகிற வேலுத்தாயிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி கூறுகெட்டவளே, அந்தச் சனியன் வேற எவ தலையிலயாச்சும் போயி ஏறுனா ஒனக்கு நல்லதுதானட்டி! மாதாவுக்கு மெழுவர்த்தி ஏத்திட்டுப் பேசாம இரு."

பேசாமல்தான் இருந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். அவள் தொடமாட்டாள் என்ற தைரியம்; பூட்டுக்கூடப் போடவில்லை. குளியலறையில் வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜாஸ்பின் ஒரு பொம்பளைப் பேரைத் தேடினாள். பொம்பளைப் பேரே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே 'ஆர்டர்' என்று ஒன்று. அச்சாபீசு சமாச்சாரம் என்று தள்ளப் போனவள், அதில் ஒரு படம் தெரியவும் திறந்தாள்.

ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். அடடா, நல்ல அடர்த்தியான கொண்டை, யாரிவள் என்று வயிறு எரிந்தது. பிறகுதான் அது தன் சேலை என்று தெரிந்தது.

அவள் படம்தான் வரிசையாக. தண்ணீர் பிடிக்கிறபோது. தூங்குகிறபோது.

'ஆள் இதுதான? கன்பார்ம் பண்ணுங்க.'

'இதுதான்.'

'வீட்டுக்குப் பின்வாசல் உண்டா?'

'தாழ்ப்பாள நான் பாத்துக்கிறேன். சீசன் முடியறதுக்குள்ள முடிச்சிரணும்.'

அந்தப் பக்கம் இருக்கிறவன் ஊரும் பேரும் இல்லாதவன். இணையத்தில் கடை விரித்து ஆளை முடித்துக் கொடுக்கிறவன். அவனுக்குத் தன் புருஷன் கடைசியாக எழுதியிருந்ததை அவள் இரண்டு தடவை படித்தாள். 'எவன் பாத்திருப்பான், எவன் தொட்டிருப்பான்னு நெனச்சா சோறு எறங்கல. செத்துட்டா எனக்கு மட்டும் இருப்பா.'

தண்ணீர்ச் சத்தம் நின்றது. போனை வைத்த இடத்தில் வைத்தாள்.

சாயங்கால ஜெபத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் ஏறி டவுன் மகளிர் ஸ்டேஷனுக்குப் போனாள். அவளுக்கு அது புது இடமில்லை. போன வருஷம் விலா எலும்பு விரிசலோடு வந்து புகார் கொடுத்தாள். கிணற்றில் போட்ட கல். எஸ்.ஐ. மேடம் திருவிழாப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். இருந்தது ஒரு ஏட்டம்மா. டீக்குள் பன்னை முக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"போன்ல வந்ததுன்னா சைபர் கிரைம்ல போயிச் சொல்லணும்மா. விருதுநகர் போகணும். சரி, அந்த மெசேஜக் காட்டு."

"அவுக போன்ல இருக்கு மேடம்."

"ஒன்கிட்ட இல்லாதத வச்சி நான் என்னத்தம்மா எழுத? அடிச்சானா?"

"இப்ப அடிக்கறதில்ல மேடம். அதான் பயமா இருக்கு."

ஏட்டம்மா பன்னை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல கூத்தா இருக்கே. அடிச்சாலும் வாறீக, அடிக்கலன்னாலும் வாறீக." பிறகு, கெட்ட எண்ணத்தில் இல்லை, சமாதானம் பண்ணிவைக்கிற நல்ல எண்ணத்தில்தான், ஜெயசுந்தரின் நம்பருக்குப் போன் போட்டார். "ஏம்ப்பா, ஒன் சம்சாரம் இங்கன உக்காந்திருக்கு. வந்து கூட்டிட்டுப் போ."

வந்தான். தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். போனைக் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து நீட்டினான். 'ஆர்டர்' இருந்தது. அதில் காலண்டர் படங்கள் இருந்தன. முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, கொழுகொழுவென்று ஒரு குழந்தை.

"அவளுக்கு மனசு சரியில்ல மேடம். பிள்ள இல்லாத ஏக்கம். நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கப்பா. எம்மா, கல்லானாலும் கணவன்னு சும்மாவா சொன்னாக? தங்கமான ஆளு. மேடம் நாளைக்கி வருவாக, மனசு கேக்கலன்னா அப்ப வா." அவன் வண்டியை எடுக்கப் போகையில் ஏட்டம்மா பின்னாலேயே வந்து, "தம்பி, ஸ்டேஷனுக்கு ரெண்டு தினசரிக் காலண்டர் குடுத்து விடுப்பா" என்றார்.

வண்டியில் வருகிற வழியெல்லாம் கந்தக வாடையும் புழுதியும் முகத்தில் அடித்தன. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. வீடு நெருங்கும்போது மட்டும், "என்னத்துக்குப் புள்ள பயப்படுற?" என்று கேட்டான். குரலில் அத்தனை வாஞ்சை.

அவன் படுத்ததும் அவள் பின்வாசலுக்குப் போனாள். அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. இழுத்தால் தெருவே எழுந்துகொள்கிற மாதிரிக் கிறீச்சிடும். இழுத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. விரலை மோந்தாள். தேங்காய் எண்ணெய்.

ஆட்டுக்கல்லை நகர்த்தி வந்து கதவில் சாத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். வீட்டுக்குள் ஒவ்வொரு சத்தமாகக் கூடிக்கொண்டே வந்தது. ஓட்டில் பூனை நடக்கிற சத்தம். சந்தில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, நின்று, போகிற சத்தம். அவன் குறட்டை. அந்தக் குறட்டை அவ்வப்போது நின்றது. நின்றபோதெல்லாம் இருட்டுக்குள் அவன் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறான் என்று தோன்றி இவள் ஆட்டுக்கல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். விடியட்டும், மாதாவே, விடிந்தால் போதும். வேன் வந்துவிடும். வேலுத்தாயோடு ஒட்டிக்கொண்டு போய், போர்மேனிடம் சொல்லி, மேடத்தைப் பார்த்து, இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தே படுக்கக்கூடாது.

கருக்கலில் ஹாரன் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் முந்தித்தான். தீபாவளி சீசனில் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? லோடு நெருக்கடியில் கம்பெனிக்காரர்கள் சாத்தூரிலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ வாடகை வேன் பிடித்து அனுப்புவார்கள். தினம் ஒரு வண்டி, தினம் ஒரு டிரைவர். ஹாரன் அடித்தால் ஏற வேண்டும். யார் வண்டி என்று கேட்கிற வழக்கம் அந்தப் பக்கமே கிடையாது. பயராபீசுக்குள் போன் ஆகாது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் பழக்கம். ஜாஸ்பினும் வைத்துவிட்டாள். தூக்குச்சட்டியைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது. ஏறி, கடைசி சீட்டில் விழுந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ள, வேன் கிளம்பியது. அப்பாடா! முன்னால் வரிசை வரிசையாகப் பெண்கள், புழுதிக்கும் குளிருக்கும் துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு, விட்ட தூக்கத்தைப் பிடித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் நடுவில் இனி எவன் என்ன செய்துவிட முடியும்? அவளுக்கு அழுகையே வந்தது.

மூக்கை உறிஞ்சியபோதுதான் கவனித்தாள். மருந்து வாடை இல்லை.

பயராபீசு வேனில் மருந்து வாடை இல்லாமல் இருக்காது. சீட்டில், கம்பியில், கூரையில் ஊறிப்போயிருக்கும். இதில் பினாயில் அடித்தது.

மற்றவர்கள் ஏறுகிற தெருமுக்கு வந்தது. வெளிச்சத்தில் வேலுத்தாய் நின்றாள். இன்னும் நாலைந்து பேர். கையில் தூக்குச்சட்டி. வேலுத்தாய் கையைக் காட்டினாள்.

வேன் நிற்கவில்லை.

"அண்ணே, ஆள் நிக்கிதுண்ணே!"

டிரைவர் திரும்பவில்லை. வேலுத்தாயின் முகம் ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் வந்து, பின்னால் போனது. வாய் திறந்திருந்தது. என்ன கத்தினாளோ. அவளுக்குப் பின்னால் தூரத்தில் இன்னொரு வேன், லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, மெதுவாக வந்தது. தினம் வருகிற நேரத்துக்கு.

ஜாஸ்பின் கண்ணாடியைத் தள்ளினாள். நகரவில்லை. கதவுக்கு உள்பக்கம் பிடி இல்லை.

முன்சீட்டுக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யக்கா! ஏ யக்கா!"

தோள் நொறுநொறுவென்றது. துண்டு நழுவியது.

சாக்கு. கழிவுக் காகிதம் திணித்து, கழுத்தில் கயிறு கட்டிய சாக்கு. அதற்கு முன்னாலும் சாக்கு. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். எல்லாவற்றுக்கும் முக்காடு. எல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தன.

வேன் தார்ச்சாலையை விட்டுக் கரிசல் காட்டுப் பாதையில் சடாரென்று திரும்பியது.

முக்காடு போட்ட தலைகள் அத்தனையும் ஒருசேர இடப்பக்கம் சாய்ந்தன.

ஒன்று மட்டும் சாயவில்லை.