நோயாளி தலையை அசைத்தார்

தெர்மாகோல் தலைக்கு வியர்த்திருந்தது. நெற்றியில் மூன்றே சொட்டுதான், பெரிதாக ஒன்றுமில்லை. சின்ன டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏசி தண்ணி சார்," என்றார் தட்டில் ஆட்டுக் கண்களைக் கொண்டுவந்த உதவியாளர். "பரீட்சை உங்களுக்குத்தானே, அது எதுக்கு வியர்க்கப் போகுது?"

பரீட்சைதான். ஆறு மாதமாக அவர் கண்புரை ஆபரேஷனில் கத்தியைத் தொடக் கூடாது என்று தடை. ஐந்து ஆட்டுக் கண்களில், வில்லையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் பிசிறில்லாமல் ஒரு வட்டம் கிழித்தெடுத்துக் காட்டினால் தடை நீங்கும். இல்லையென்றால் கண்ணாடிக்கு நம்பர் எழுதிக் கொடுத்தே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். பெரிய டாக்டரம்மா பக்கத்து அறையில் டிவியில் பார்ப்பார், ஒலிபெருக்கியில் பேசுவார்.

உதவியாளர் ஒரு கண்ணைப் பொம்மைத் தலையின் குழியில் வைத்துக் குண்டூசியால் நிறுத்தினார். அதன்மேல் ஓட்டை போட்ட பச்சைத் துணியைப் போர்த்தி, ஜன்னலின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் போனார். வெளியே பத்தரை மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே கும்மிருட்டு, நடுவில் மைக்ரோஸ்கோப்பின் விளக்கு மட்டும்.

தடைக்குக் காரணம் ஒரு தையல்கார அம்மா. அவள் கண்ணில் இவர் கை நழுவிவிட்டது, கண் போயிற்று. கை நழுவாத மனுஷன் உலகத்தில் கிடையாது. அதை அப்படியே எழுதியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. இவர் கேஸ் தாளில் எழுதியது: 'நோயாளி தலையை அசைத்தார்.'

அந்த அம்மா அதன்பிறகு ஊசியில் நூல் கோக்க முடியாமல் வாரம் தவறாமல் வந்து, வராந்தாவில் போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்: "நான் அசையவே இல்லப்பா. மூச்சக்கூடப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

"வயசாயிட்டா அசைஞ்சதே தெரியாதும்மா," என்றார் இவர்.

போன மாதம், போன கண்ணின் பக்கமாக வந்த லாரி அவளுக்குத் தெரியவில்லை; அந்த இடத்திலேயே முடிந்துபோனாள். டாக்டரம்மா இவர் எழுதியதைப் பாதி நம்பினார். நம்பாத பாதிதான் இந்தத் தடை.

முதல் கண் வெண்ணெயாக முடிந்தது. இரண்டாவதைப் பொருத்தி, துணியைச் சரிசெய்து, மைக்ரோஸ்கோப்பில் முகத்தைப் பதித்துக் கத்தியை உள்ளே விட்டபோது, ஏசியின் உறுமலுக்கும் சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக்குக்கும் நடுவில், பஞ்சில் ஊதுவதுபோல மெல்லிய, சீரான இன்னொரு சத்தம் அவர் காதில் விழுந்தது. கூடவே பார்மலின் நெடியைத் தாண்டி, புதுத் துணியும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். பச்சைத் துணி, வாய் இருக்க வேண்டிய இடத்தில், மெல்ல ஏறி இறங்கியது. அந்தப் பொம்மைக்கு வாயே கிடையாது. வாங்கும்போதே அப்படித்தான் வந்தது.

இரண்டாவதும் முடிந்தது. எப்படி முடிந்தது என்று அவருக்கே தெரியாது.

மூன்றாவது கண் அவரைப் பார்த்தது.

பார்த்துவிட்டு, இடது பக்கம் திரும்பியது. கத்தி சறுக்கியது. உறை கிழிந்து ஓரம் வரை ஓடிவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றது ஒலிபெருக்கி.

"கண்ணு அசைஞ்சிருச்சு மேடம்."

"செத்த ஆட்டுக் கண்ணா?"

"ஆமா மேடம்."

"வீடியோவத் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். கண்ணு வச்ச எடத்துலயே இருக்கு. உங்க கைதான் போகுது." டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "தம்பி, அந்தம்மா கேஸ்லயும் இதேதானா? உண்மைய சொல்லிடுங்க. மறுபடி மொதல்லேருந்து கத்துத் தரேன். நான் பொறுப்பு."

துணிக்கடியில் மூச்சு காத்திருந்தது.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"இல்ல மேடம். அந்தம்மாதான் அசைஞ்சாங்க."

துணி ஏறவில்லை. இறங்கவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சரி," என்றார் டாக்டரம்மா, சலிப்போடு. "அடுத்த கண்ண வைங்க."

மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. கழுத்துக்குப் பின்னால் எதுவோ கரகரத்தது. தெர்மாகோல். விளக்கு கீழே இல்லை. மேலே இருந்தது. நேர் மேலே. முகத்தில் துணி. பச்சை. அதில் ஒரே ஓட்டை. இமையை மூடினார். மூடவில்லை, இமைகளை விரித்துக் கம்பி பிடித்திருந்தது.

கத்தினார். வாய் இல்லை.

ஓட்டைக்குள் ஒரு கை வந்தது. கையுறை இல்லாத கை. கட்டைவிரல் நுனி முழுக்க ஊசி குத்திய தழும்பு. விரல்களுக்கிடையில் கத்தி. அவசரமே இல்லாத கை.

தலையைத் திருப்பினார். திரும்பவில்லை.

மயிரிழை. மயிரிழையாவது.

இல்லை.

"அப்படித்தான்," என்றது ஒலிபெருக்கி. டாக்டரம்மாவின் குரலில் ஆறு மாதத்தில் முதன்முறையாகச் சந்தோஷம். "பாருங்க, இப்ப எப்படி நிக்குது கை. கண்ணும் துளிகூட அசையல. பயப்படாம வெட்டுங்க."