நான்கு மில்லிமீட்டர் தோல்

ரத்தம் வரவில்லை. அதுதான் முதலில் அவள் கண்ணில் பட்டது.

கணவனின் இடது தோள்பட்டைக்குக் கீழே ஈயநிறத்தில் படர்ந்திருந்த திட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் கட்டை அளவுகூட இல்லாத வட்டக் கத்தியைத் திருகி, தோல் டாக்டர் நான்கு மில்லிமீட்டர் துணுக்கு ஒன்றை எடுத்தபோது, பஞ்சோடு காத்திருந்த நர்ஸுக்கு வேலையே இல்லாமல் போனது. ஊசி மருந்து ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், சிலருக்கு இப்படித்தான் என்றார் டாக்டர். உணர்ச்சியில்லாத திட்டு என்றால் நாலைந்து நோய்களில் எதுவாகவும் இருக்கலாம், வெறும் கண்ணை நம்பி மருந்து எழுத முடியாது, தோலைச் சீவிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அவளுக்குத் தெரியாததா? பதினோரு வருஷமாக அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் தோலைச் சீவுவதுதான் அவள் பிழைப்பு. துணுக்கு கெடாமலிருக்க அதைப் போட்ட ஃபார்மலின் புட்டியைத் தானே மூடி, சீட்டு ஒட்டி, கையோடு எடுத்துப்போனாள்.

மறுநாள் மெழுகில் பதித்த துணுக்கை இயந்திரத்தில் வைத்துச் சீவினாள். நாடாபோல ஒட்டி வரவேண்டிய சீவல்கள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. தேறிய ஒன்றிரண்டைக் கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றி, ஆய்வுக்கூடத்துப் பெரிய டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தாள். நுண்ணோக்கியில் குனிந்த அந்த அம்மா வெகுநேரம் நிமிரவில்லை.

"இது எந்தப் பிணவறையிலேர்ந்து வந்துச்சு?"

யாருடையது என்று அவள் சொன்னாள். டாக்டரம்மா எழுந்து இடம் கொடுத்தார். அவள் குனிந்து பார்த்தாள். செங்கல் அடுக்கியதுபோல நிற்கவேண்டிய செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதாப் புள்ளியாகத் தெரியவேண்டிய உட்கரு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெளிறி, ஒன்றோடொன்று கரைந்துகொண்டிருந்தன. உயிர் போன உடம்பு ஒரு வாரம் கிடந்தால்தான் தோல் இப்படி ஆகும் என்றார் டாக்டரம்மா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஃபார்மலின் கெட்டுப்போயிருக்கும், நல்ல தோலில் இன்னொன்று எடுப்போம் என்று தோளைத் தட்டினார்.

எடுத்தார்கள். தொடையிலிருந்து, புது ஃபார்மலினில். அதிலும் அதேதான்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியலம்மா," என்றார் டாக்டரம்மா, அவள் கண்ணைப் பார்க்காமல். "அவரை இன்னைக்கே கூட்டிட்டு வா."

பஸ்ஸில் அவள் நாட்களைப் பின்னோக்கி எண்ணினாள். முதல் துணுக்கு எடுத்ததற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சுவரில் மண்டை மோதிய சத்தம் சமையலறைவரை கேட்டது. கண் நிலைகுத்திக் கிடந்தவரின் மார்பை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி ஓய்ந்து, இனி ஒன்றுமில்லை என்று அவள் சரிந்து உட்கார்ந்த பிறகுதான், அவர் மெல்ல எழுந்து தலையைத் துவட்டிக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்றார். உள்ளறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஒரு வாடை இருந்தது. ஆய்வுக்கூடத்து வாடை தன் கையோடு வந்துவிடுகிறதென்று நினைத்து அவள் தினமும் மூன்று தடவை சோப்புப் போட்டாள்.

பொழுது சாயும் நேரம் கதவைத் திறந்தாள். உள்ளறை ஜன்னலின் கொசுவலைக்கு வெளியே ஈக்கள் அப்பிக்கிடந்தன. ஒரே ரீங்காரம். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார்.

"ஏங்க, எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சில்லென்றிருந்தது. இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் உள்ளங்கையைத் தன் மார்பில் வைத்து மேலே அழுத்திக்கொண்டார்.

"நீதானே போகாதீங்க, போகாதீங்கன்னு கத்தினே," என்றார். எப்போதும்போல அதே குரல். அதே கனிவு. "அதான் வந்துட்டேன். இனி எங்கயும் போகமாட்டேன்."

அவள் காத்திருந்தாள். ஒரு துடிப்பு. ஒரே ஒரு துடிப்பு.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நிதானமாக. நீண்ட நேரம். அவள் கைக்கு அடியில் மார்பு ஒருமுறைகூட ஏறவில்லை, இறங்கவில்லை.