ஏழு நாள் வெயில்

ஹால்விகாவில் இருநூற்றுப் பதினான்கு பேர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்தது வதனி ஒருத்தி மட்டும்தான்.

நோர்வேயின் வடகோடியில் இருந்தது அந்த ஊர். மூன்று தலைமுறைக்கு முன்பு யாழ்ப்பாணத்திலிருந்து மீன் வெட்டும் வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களும் அங்கே உண்டு. வதனியும் அவள் கணவன் கேதீசும் அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறந்தவர்கள்தாம். பழைய மீன் தொழிற்சாலைதான் இப்போது துயில்மனை. வரிசை வரிசையாகத் துயிற்பேழைகள். நவம்பர் பிறந்ததும் ஊரே வந்து படுத்துக்கொள்ளும். துயில்மருந்து ஏறிவிட்டால் இதயம் நிமிடத்துக்கு நாலு தடவைதான் துடிக்கும். உடம்பு மூப்பதும் ஏறக்குறைய நின்றுவிடும். விறகுச் செலவில்லை, வழுக்கி விழ வேண்டியதில்லை, இரண்டு மாத இருட்டில் மனம் பேதலிக்க வேண்டியதில்லை. கண்ணை மூடித் திறந்தால் வசந்தம்.

வதனியின் உடம்பு அந்த மருந்தை ஏற்கவில்லை. பத்தாயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும் என்றார்கள். இரண்டு தடவை மூச்சுத் திணறிப் பிழைத்தாள். மூன்றாம் தடவை முயன்று பார்க்க யாருக்கும் துணிவில்லை. துயில்காவலர் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். இது அவளுக்குப் பதினாறாவது குளிர்காலம்.

காலையில் பேழைகளின் மூடிகளைத் துடைத்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். வாசலில் குவிந்த பனியை வாரித் தள்ளுவாள். ஓர் ஆளுக்கு அளவாக அரைச் சுண்டு அரிசி அளந்து போட்டுச் சோறாக்குவாள். சாப்பிட உட்காரும்போது, சமைத்த கறியின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள். குரல் இன்னும் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே.

பேழைகள் எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கூரைமேல் இருந்த வசந்தமானி முடிவு செய்தது. முதல் வருடங்களில் ஆற்றின் பனிக்கட்டி உடைந்ததும் அது எல்லாரையும் எழுப்பிவிடும். சேறும் ஈரமுமாக இருக்கிறது என்று ஊரார் முணுமுணுத்தார்கள். பனி முழுக்கக் கரைந்த பிறகு எழுப்பினால் போதும் என்று விதி மாறியது. பிறகு மரங்கள் தளிர்த்த பிறகு என்று ஆனது. போன ஓகஸ்டில் கூடிய கூட்டம் புதிதாக ஒன்றைத் தீர்மானித்தது: தொடர்ந்து ஏழு நாட்கள் பதினைந்து பாகைக்குக் குறையாத வெயில் அடிக்க வேண்டும். மழையோ காற்றோ கூடாது. ஒரு நாள் தவறினாலும் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

எதிர்த்து உயர்ந்தது வதனியின் கை மட்டும்தான். பக்கத்தில் இருந்த கேதீஸ் ஆதரித்துத்தான் கை தூக்கினான்.

"ஒரு கிழமை முந்தி எழும்பினா என்ன, பிந்தி எழும்பினா என்ன?" என்றான் வீட்டுக்கு வரும் வழியில்.

மே பதினெட்டாம் தேதி ஆற்றின் பனிக்கட்டி உடைந்தது. துயில்மனைக்குள் இருந்தவளுக்கு அந்தச் சத்தம் நெஞ்சிலேயே கேட்டது. ஓடிப்போய் வசந்தமானியைப் பார்த்தாள். எட்டுப் பாகை. எண்ணிக்கை பூச்சியம். மாவட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"வசந்தம் வந்துவிட்டது. ஆட்களை எழுப்ப வேண்டும்" என்றாள் நோர்வேஜிய மொழியில்.

"விதி உங்கள் ஊரே வாக்களித்துப் போட்டதுதானே?" என்றார் அதிகாரி. "யாராவது முறைப்பாடு செய்திருக்கிறார்களா?"

"எல்லாரும் உறங்குகிறார்கள்."

"அப்படியானால் முறைப்பாடு இல்லை" என்று பணிவாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வாழ்க்கைத்துணையின் பேழையை மட்டும் திறக்க அவளுக்கு உரிமை இருந்தது. அதுவும் ஒரு துயிலின் நடுவே ஒரு தடவைதான். அதற்குமேல் எழுப்பினால் இதயம் தாங்காது. மறுநாள் காலை அவள் கேதீசின் பேழையைத் திறந்தாள். உடம்பு சூடேற ஆறு மணி நேரம் பிடித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மற்ற ஆக்கள் எங்க?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"அவை இன்னும் எழும்பேல்லை. உங்களை மட்டும்தான் எழுப்பினனான்."

"ஏன், ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. ஆறு உடைஞ்சிட்டுது. வந்து பாருங்கோ."

கம்பளியைப் போர்த்திக் கைபிடித்து ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். வீட்டுச் சுவர் அளவு பனிப்பாளங்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கரையோரச் செடிகளில் வெள்ளி நிறத்தில் மொட்டுகள். தெற்கே போயிருந்த வாத்துகள் திரும்பி வந்து இரைச்சலிட்டன.

"வடிவாத்தான் இருக்கு" என்றான். கொஞ்ச நேரத்தில் கைகளைக் கக்கத்துக்குள் திணித்துக்கொண்டான். "ஆனா எலும்புக்குள்ள குளிருது, வதனி. நீ ஏழு மாசம் பார்த்துக்கொண்டிருந்த வெயில் இது. எனக்கு நேற்றுத்தான் ஒக்டோபர். இது நேற்றையைவிடக் குளிரான ஒரு நாள், அவ்வளவுதான்."

"கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போங்கோவன்."

இருந்தான். அவள் கொண்டுவந்த தேநீரை முழுவதும் குடித்தான். மோசமான மனிதன் அல்ல அவன். பேழைக்குள் திரும்பவும் படுக்கும்முன் அவள் காதோரத்து நரையைத் தொட்டுப் பார்த்து, "இது போன முறை இருக்கேல்லை" என்றான். மூடியைச் சாத்தியது அவள்தான்.

ஜூன் கடைசியில் எண்ணிக்கை ஆறு வரை போனது. ஏழாம் நாள் மதியம் பூந்தூறலாகக் கால் மணி நேரம் மழை பெய்தது. பூச்சியம். ஜூலை முழுவதும் கடற்காற்று வீசியது. எண்ணிக்கை நாலைத் தாண்டவில்லை. மலைச்சரிவெல்லாம் ஊதாப் பூக்கள் பூத்து, வாடத் தொடங்கின.

ஓகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு படகு வந்தது. மரித் என்ற ஒரு பெண் தனியாக இறங்கினாள். தெற்கே இருநூறு கிலோமீட்டரில் அவள் ஊர். எங்கள் ஊரிலும் துயில்மனை கட்டப் போகிறார்கள், அடுத்த மாதம் வாக்கெடுப்பு, பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றாள்.

"இன்னும் உறங்குகிறார்களா?" என்று கேட்டவள் திரும்பிப் பழுத்துக் கிடந்த காட்டுப்பழங்களைப் பார்த்தாள்.

"வசந்தத்துக்குக் காத்திருக்கிறார்கள்" என்றாள் வதனி.

இருவரும் பேழைகளுக்கு நடுவே நடந்தார்கள். ஒரு பேழையின் மூடியை வதனி கையால் துடைத்ததைக் கவனித்து, "உங்கள் தம்பியா?" என்று கேட்டாள் மரித்.

"கணவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர்."

மரித் அந்த வழுவழுப்பான முகத்தையும் வதனியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாக்கெடுப்புக்காகக் கேட்க வந்த கேள்விகளில் ஒன்றையும் அவள் கேட்கவில்லை.

"உங்கள் ஊரில் மருந்துச் சோதனை முடிந்துவிட்டதா?" என்று வதனிதான் கேட்டாள். "உடம்பு ஏற்காதவர் யாராவது இருக்கிறார்களா?"

"ஒரே ஒருத்தி" என்றாள் மரித். "நான்தான்."

வதனி அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், அரிசிப் பானையைத் திறந்து, முழுதாக ஒரு சுண்டு அளந்து போட்டாள்.