பூட்டிய வீட்டுக் கேள்வி

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், கண்டியில் அம்பிட்டிய மேட்டிலிருந்த அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்த அன்று, பத்மாதேவியின் கண் முதலில் கூரைக்குத்தான் போனது. புகைபோக்கியிலிருந்து பின்வளவுப் பலாமரம் வரைக்கும் ஒரு செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. வீடு பார்க்க வருகிற பெண் குசினியைப் பார்ப்பாள், கிணற்றை எட்டிப் பார்ப்பாள். இவள் கம்பியைப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, ஏரியல்! ஆரோ எனக்கெண்டே கட்டி வைச்சிருக்கினம்."

"கூரை ஒழுகுது. முதல்ல அதைப் பாரும்," என்றார் அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா.

அவர் காணிக் கந்தோர் உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றம். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தமிழருக்கு வீடு கொடுக்க எல்லோரும் யோசித்தார்கள். கெலிஓயாவில் கடை வைத்திருந்த பளீல் ஹாஜியார் மட்டும் யோசிக்காமல் கொடுத்தார். கம்பியைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"முந்தி இருந்தவர் கட்டினது, மகள். கழட்ட ஆள் கெடைக்கல்ல."

பத்மாதேவிக்கு ஒரே ஆசை, வீட்டிலிருந்தே வானலையில் ஊர் உலகத்தோடு பேச விடும் அமெச்சூர் ரேடியோ அனுமதிப்பத்திரம். லண்டனிலிருந்த தம்பி வானொலிப் பெட்டியும் பாடப் புத்தகமும் அனுப்பியிருந்தான். புத்தகத்தின் முதல் பாடமே வாயை மூடிக்கொண்டு கேள் என்பதுதான். மோர்ஸ் ஒலிகளைப் புள்ளி, கோடு என்று எண்ணக் கூடாது. பாட்டு மெட்டுப் போலக் காதில் ஏற்ற வேண்டும். மின்சாரம், சட்டதிட்டம், மோர்ஸ் மூன்றிலும் கொழும்பில் சோதனை. பத்திரம் கைக்கு வரும்வரை ஒரு எழுத்தைக்கூட வானில் அனுப்பக் கூடாது. எவர் கூப்பிட்டாலும் பதில் கொடுக்கக் கூடாது.

இந்த ரேடியோக் கூட்டத்தாரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு அலைவரிசையில் நுழையுமுன் 'க்யூ ஆர் எல்' என்று மூன்றெழுத்தில் கேட்க வேண்டும். 'இங்கே ஆள் இருக்கிறதா?' என்று பொருள். இருக்கிறவர் ஒரே எழுத்தில் 'ஓம்' என்பார். பதில் வராவிட்டால் இடம் காலி; கேட்டவர் உள்ளே வரலாம்.

ஸ்ரீஸ்கந்தராசா ஒரு பழைய அழைப்புமணியையும் டோர்ச் பற்றரியையும் வைத்து, தந்திக் கந்தோரில் தட்டுவதுபோல ஒரு கட்டை செய்து கொடுத்தார். அதன் சத்தம் வீட்டுக்குள் மட்டும்தான் கேட்கும், வானில் போகாது. பயிற்சிக்கு அவர்தான் எதிராளி. மனிதருக்குக் காது பரவாயில்லை, கைதான் மோசம். அந்தக் கேள்வியின் கடைசித் தட்டு வரும்போது மட்டும், பெயர் மறந்தவர் போல ஒரு கணம் நின்றுவிட்டுத் தட்டுவார்.

"சோதினையில உங்களைத் துரத்திப்போடுவாங்கள்," என்று சிரிப்பாள்.

நாளடைவில் அது வீட்டு விளையாட்டாகிவிட்டது. கந்தோரிலிருந்து வந்தால் அவர் கூப்பிட மாட்டார். வாசற்கதவில் குறுகிய ஒலிக்கு விரல் முட்டியால் தட்டுவார், நீண்ட ஒலிக்கு உள்ளங்கையால் உரசுவார். ஆள் இருக்கிறதா? அவள் உள்ளேயிருந்து "ஓம், இருக்கு!" என்று ஓடிப்போய்த் திறப்பாள். ஊரில் நிலைமை மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டு வந்தது. பஸ்ஸில் தமிழில் பேசுவதை விட்டிருந்தார்கள். அந்தத் தட்டல் கேட்கும்வரை அவளுக்கு நெஞ்சு ஒரு நிலையில் இராது. அவர் ஒவ்வொரு நாளும் முழுதாக வீடு வந்து சேர வேண்டும். அதற்கு மேல் அவள் எந்தக் கடவுளிடமும் எதுவும் கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு பின்னேரம், மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி யன்னலை மூடிய நேரம், வானொலியில் அந்தக் கேள்வி வந்தது.

நிதானமான கை. தேர்ந்த கை. ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை.

எவரும் பதில் சொல்லவில்லை. மறுநாளும் பனி இறங்கியதும் வந்தது. அதற்கு அடுத்த நாள், கொஞ்சம் கிட்ட இருந்து வருவதுபோல, இன்னும் உரக்க. பிறகு ஒருநாள் அவள் பெட்டியை நிறுத்திவிட்டுக் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

கேள்வி நிற்கவில்லை.

அறையில் மண்ணெண்ணெய் மணத்தது. குசினி அடுப்போ விறகடுப்பு.

கூரை திருத்த ஆளோடு வந்த பளீல் ஹாஜியாரை அவள் விடவில்லை. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"அம்பிகைபாகன் மாஸ்டர். அவரும் இந்த ரேடியோ வேலதான். எழுபத்தேழுல மனுசன் கதவ அடச்சிக்கிட்டு உள்ளுக்கு இருந்தாரு. வந்தவனுகள் தெரிஞ்ச ஆள் மாதிரி, 'மாஸ்டர், இருக்கீங்களா'ன்னு கேட்டிருக்கானுகள். இவர் 'ஓம், இருக்கிறன்'ன்னுட்டார். அந்த ஒரு வார்த்தைதான், மகள். மத்தத நா சொல்ல மாட்டன்."

அன்றிரவு அவள் கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டை மாற்றச் சொல்வார். மாற வேறு வீடு ஏது? பதில் கொடுப்பதில்லை என்று மட்டும் முடிவெடுத்தாள். ஆனால் படுத்த பிறகு புத்தகத்து வரி நினைவுக்கு வந்தது.

பதில் வராவிட்டால் இடம் காலி. கேட்டவர் உள்ளே வரலாம்.

ஆடி மாதம் கொழும்பு எரிந்தது. கண்டி பற்றிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. காலையில் கந்தோருக்குப் போன ஸ்ரீஸ்கந்தராசா மத்தியானமாகியும் வரவில்லை. பளீல் ஹாஜியார்தான் மூச்சிரைக்க வந்தார், கையில் ஒரு பெரிய ஆமைப்பூட்டோடு.

"மகள், நா வெளிய பூட்டிட்டுப் போறன். பூட்டக் கண்டா ஆளில்லன்னு போயிருவானுகள். யாரு தட்டினாலும் சத்தங் காட்டவாணாம். வேனக் கொண்டாந்து கெலிஓயாவுக்குக் கூட்டிட்டுப் போறன்."

"அவர் வந்தால்?"

"கலவரம் வந்தா ஏன்ட ஊட்டுக்கு வரச் சொல்லி அவருக்கிட்ட முந்தியே சொல்லித்தான் இருக்கி."

பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. அவள் உள்ளறையில் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கினாள். தெருவில் கண்ணாடி உடைந்தது. எங்கோ ஒரு ஆள் கூப்பாடு போட்டு, பாதியில் நிறுத்தினான். யன்னலில் பனி ஏறியது. அல்லது அது புகையாகவும் இருக்கலாம்.

மேசையிலிருந்து கேள்வி வந்தது.

பற்றரி கழற்றிய கட்டையிலிருந்து, அதே நிதானத்தோடு. ஆள் இருக்கிறதா?

அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

மண்ணெண்ணெய் மணம். சுவருக்குள்ளிருந்து கேள்வி. பிறகு நடைவழியில், நிலத்தோடு நிலமாக.

பிறகு வாசற்கதவில்.

உரசல், உரசல், தட்டு, உரசல். மெல்ல, மிக மெல்ல. கதவுக்கே வந்துவிட்டது என்று அவள் கண்ணை இறுக மூடினாள். கேள்வி முடிந்தது. மறுபடி ஒருமுறை தட்டியது, கெஞ்சுவது போல. அவள் மூச்சுக்கூட விடவில்லை.

வாசற்படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

பேய் செருப்பு போடுமா?

அப்போதுதான் அவள் காது, தான் கேட்டதை அவளுக்குத் திருப்பிச் சொன்னது. கடைசித் தட்டுக்கு முன்னால் ஒரு கணம். பெயர் மறந்தவர் போல ஒரு கணம். மாஸ்டரின் கை ஒருநாளும் தயங்கியதில்லை.

"இஞ்சேருங்கோ!"

கதவு வெளியே பூட்டியிருந்தது. கையால் அறைந்தாள், உரசினாள், தட்டினாள். ஓம், ஓம், ஓம். வெளியே எவரும் இல்லை. தெருவில் தமிழ்க் குரல் கேட்டால் உயிர் போகும் என்றுதான் மனிதர் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தட்டியிருக்கிறார். பூட்டைக் கண்டு, பதிலும் வராமல், பெண்சாதி கெலிஓயாவுக்குப் போய்விட்டாள் என்று நிம்மதியாக அந்தப் பக்கம் நடந்திருக்கிறார்.

பொழுதுபட வேனோடு வந்த பளீல் ஹாஜியார் கதவைத் திறந்ததும், "ஒங்கட மனுசன் இங்கயா?" என்று அவளிடமே கேட்டார்.

கெலிஓயாவுக்குப் போகிற வழியில், பேராதனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்தப் பக்கம் கண்டவர் எவருமில்லை.

பத்மாதேவி அகதியாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் போனாள். சோதனை எழுதவில்லை, போர் தொடங்கிய பிறகு அங்கே ஒரு தமிழச்சிக்கு ரேடியோப் பத்திரம் கொடுக்க யார் இருந்தார்கள்? வானொலிப் பெட்டியையும் விட்டுவிட்டுத்தான் வந்தாள். அவர் கையால் செய்த கட்டையை மட்டும் எடுத்து வந்தாள். அதற்கு அவள் பற்றரி போட்டதேயில்லை.

பொழுது சாயும்போது அது கேட்கிறது. ஆள் இருக்கிறதா?

கட்டையைத் தட்டியும் பார்த்துவிட்டாள், வாய்விட்டும் சொல்லிவிட்டாள். "ஓம், இருக்கிறன். உள்ளுக்குத்தான் இருந்தனான். கதவு பூட்டியெல்லோ கிடந்தது."

அது அவருக்குக் கேட்பதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தட்டுகிறது, கடைசித் தட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்று.