குட்டிக் கதவில் ஒரு கை

மழைக்கு அன்றைக்கு என்ன அவசரமோ... பேருந்தை விட்டு அவள் இறங்கியதும் கொட்டத் தொடங்கிவிட்டது. பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் உணவுப் பதப்படுத்தும் கூடத்தை நோக்கி ஒரே ஓட்டம். பயிற்சியின் முதல் நாளே தாமதமாகப் போனால் நன்றாகவா இருக்கும்?

வாசலில் யார் மேலோ மோதினாள்.

"ஐயையோ!"

கத்தியது அவள் இல்லை, அவன். கையில் பெரிய தட்டு, தட்டு நிறைய மூடி போட்ட குட்டிக் கப்புகள். ஒன்றும் விழவில்லை. ஆனால் கூரைத் தண்ணீர் மூடிகளின் மேல் ஊற்றி, பேனாவால் எழுதிய எண்களெல்லாம் நீல நீலமாக ஓடிக்கொண்டிருந்தன.

"ஏங்க, கண்ண வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா? மூணு வித சோயா பாலுங்க இது! இப்போ எது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"அழியற பேனாவுல எழுதினது யாராம்?"

கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். துளி துளியாய் நனைந்த இமைகள்... அதற்குக் கீழே, கோபப்படவும் தெரியாமல் சிரிக்கவும் தெரியாமல் தவிக்கும் இரண்டு கண்கள். வெட்கத்தை மறைக்க வேறு வழி தெரியாமல் ஒரு கப்பைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"இது லேசா வறுத்தது." அடுத்த கப். "இது வறுக்கவே இல்ல, பச்சை வாடை." அடுத்தது. "இது தீஞ்சு போச்சு."

"தீயல! நல்லா வறுத்தது" என்றான் ரோஷமாக.

"அதைத்தான் நாங்க தீஞ்சதுன்னு சொல்லுவோம்."

பத்தே நிமிஷம். முப்பத்தாறு கப்பும் மூன்று வரிசையாக நின்றன. அவன் வாயை மூட மறந்து நின்றான்.

வீட்டில் இந்த நாக்குக்குக் கெட்ட பேர்தான். "மகாராணிக்கு எதைப் போட்டாலும் ஒரு குத்தம்" என்பாள் அண்ணி. அதே நாக்கைத்தான் இங்கே பேராசிரியை கூப்பிட்டு, ருசி பார்க்கும் ஒன்பது பேரில் ஒருத்தியாக உட்கார வைத்தார். அன்று இரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. தன்னிடமும் நல்லது என்று ஒன்று இருக்கிறதா!

ஆறு மாசப் பழக்கம் முடிந்ததும், ருசி பார்க்க ஆளுக்கொரு தடுப்பு கிடைத்தது. நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று சிவப்பு விளக்கு. எதிர்ச் சுவரில் ஒரு குட்டிக் கதவு. அது திறக்கும், ஒரு கை கப்பை வைக்கும், மூடிக்கொள்ளும். பேசக்கூடாது.

ஆனால் அந்தக் கை... கட்டைவிரலோரம் ஒரு சூட்டுத் தழும்பு. அவன் கப்பை வைத்தால் சத்தமே கேட்காது. தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி.

மதியம் சோயா வயல் ஓரமாக நடக்கும்போது அவன் கேட்பான்.

"இன்னிக்கு எத்தனை மார்க் போட்டீங்க?"

"சொல்லக்கூடாது."

"பாதியாவது சொல்லுங்க."

"பாதி மார்க்."

அவன் முகம் சுருங்குவதைப் பார்த்துச் சிரிப்பாள். வயலெல்லாம் கூடச் சேர்ந்து சிரிப்பது போல இருக்கும்...

ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றது. பட்டத்துக்காக அவன் செய்த மூன்று வருஷ ஆராய்ச்சியின் முடிவான பால் அது. எட்டுப் பேர் 'அருமை' என்று எழுதினார்கள். அவள் மட்டும், 'கடைசியில் பச்சை வாடை' என்று எழுதினாள். பேராசிரியை எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொல்லிவிட்டார்.

"எட்டு பேருக்குத் தெரியாத வாடை உங்களுக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சு?"

"அப்போ பொய் எழுதச் சொல்றீங்களா?"

அவன் விறுவிறுவென்று போய்விட்டான். பன்னிரண்டு நாள் வயலோரம் அவள் தனியாகவே நடந்தாள்.

பதின்மூன்றாம் நாள் வழியில் வந்து நின்றான். கண்களுக்குக் கீழே கருவளையம்.

"பச்சை வாடை போக, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி விட்டு அரைக்கணும்ங்க. குழாய்லயே ஆறிப் போயிருக்கு... உங்க நாக்குதான் சரி. மன்னிச்சிடுங்க. நாளைக்குக் கடைசி தடவை. இது சரியா வந்தாதான் இந்த வருஷம் பட்டம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் குட்டிக் கதவு திறந்தது. அந்தக் கை கப்பை வைத்தபோது, இன்றைக்கு 'டக்' என்று சத்தம் கேட்டது.

ஒரு வாய் குடித்தாள். நன்றாக இருந்தது... நிஜமாகவே நன்றாக இருந்ததா? இன்னொரு வாய். கண்ணை மூடினால் அந்தச் சூட்டுத் தழும்புதான் தெரிந்தது. வாடை இருக்கிறதா, இல்லையா? அவள் நாக்கு முதல் முறையாகத் தீர்ப்புச் சொல்ல மறுத்தது. நல்ல மார்க் போட்டுவிட்டால் அவனுக்குப் பட்டம். ஆனால் அது பொய்யாக இருந்துவிட்டால்... அவளிடம் இருந்த ஒரே நல்லதும் போய்விடுமே.

தாளை வெறுமையாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னம்மா, சளியா?" என்றார் பேராசிரியை.

"இல்ல மேடம்... என்னால மார்க் போட முடியல. கப்புல என்ன இருக்குன்னு தெரியல. கை யாரோடதுன்னு மட்டும்தான் தெரியுது."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கேட்டுச்சாப்பா? வேண்டப்பட்டவங்க ருசி பார்க்கக்கூடாது, அதான் விதி. இவ பேரை அடிச்சா, ஒன்பது பேர் கணக்குக்கு வேற ஆளைப் பழக்க ஆறு மாசம் ஆகும். உன் பட்டம் தள்ளிப் போகும். என்ன சொல்ற?"

குட்டிக் கதவு திறந்தது. இந்த முறை கப்பு வரவில்லை. குனிந்து, காது வரை சிவந்த ஒரு முகம்தான் வந்தது.

"அடிச்சிடுங்க மேடம். அவங்க எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்க... அவங்ககிட்டதான் இன்னும் சொல்லல."

எட்டுத் தடுப்பிலிருந்தும் எட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"சொல்லிட்டீங்க" என்றாள் அவள், யாருக்கும் கேட்காத குரலில்.

அவனுக்குக் கேட்டது.