திங்கட்கிழமைக் கனவு

2016 செப்டெம்பர் 5ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

2024 பெப்ரவரி 14ஆம் திகதி, புதன்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு உருத்திரபுரத்தில் யோகலிங்கத்தின் படலைக்கு முன்னால் ஓர் ஓட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்ணின் கால்களில் செருப்பு இல்லை. கணுக்கால்வரை முள் கீறிய கோடுகள் இருந்தன.

யோகலிங்கம் பத்தொன்பது வருடங்கள் திடீர் மரண விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவளை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. உடையார்கட்டுப் பிரஷாந்தினி. ஆறு வருடங்களுக்கு முன் அவளுடைய தகப்பன் மின்சாரம் தாக்கி இறந்தபோது, அது தற்கொலையல்ல, வயலில் பன்றிக்கு யாரோ இழுத்த மின்கம்பி என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான்.

"சந்தியிலை பஸ்ஸாலை இறங்கி அழுதுகொண்டு நிண்டவா, யோகண்ணை," என்றார் ஓட்டோக்காரர் மஹ்றூப். ஐம்பது வயது. பத்திரிகையில் வரும் கொலைச் செய்திகளை வெட்டி ஓட்டோவின் முன்பெட்டியில் சேர்த்து வைக்கிறவர். "கேஸ் எண்டு எனக்கு அப்பவே விளங்கிற்று."

"மஹ்றூப், முதல்லை அந்தக் கதிரையை அவவுக்குப் போடும்."

அவள் இருக்கவில்லை. "ஐயா, என்ரை பிள்ளை உள்ளுக்கை நிக்குது. ஆறு வயது. இவர் கதவைப் பூட்டிப்போட்டு மண்வெட்டியோடை இருக்கிறார். நான் விடிய வேலிக்குள்ளாலை வந்திட்டன்."

அவளுடைய கணவன் கோகுலன் கண்ணிவெடி அகற்றுபவன். முகமாலையிலும் அம்பகாமத்திலும் பதினொரு வருட வேலை. ஒன்றரை வருடமாக அங்கோலாவில் பயிற்சியாளன். ஜனவரி 20ஆம் திகதி, சனிக்கிழமை, லீவில் வந்தான். பெப்ரவரி 25 திரும்பிப் போக வேண்டும். வந்த நாள்களில் நன்றாகத்தான் இருந்தான். போன வெள்ளிக்கிழமைதான் குழம்பினான். யாரோ வேலிக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள் என்றான். சனிக்கிழமை முற்றத்தில் மிதிவெடி இருக்கிறது என்றான். ஞாயிற்றுக்கிழமை தடிகளை வெட்டி, நுனியில் சிவப்பு மை பூசி, கிணற்றடியிலிருந்து படலை வரை நட்டான்.

"இப்ப எங்கடை முற்றத்திலை எங்களுக்கே கால் வைக்கேலாது, ஐயா. நேற்றுப் பின்னேரம் என்ரை தம்பி தர்சன் தெரியாமல் கோட்டைத் தாண்டிட்டான். இவர் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு பாய்ஞ்சார். ஒரு சாண் பிசகியிருந்தால் தலை போயிருக்கும். பொலிசுக்குச் சொல்லுவம் எண்டான் தம்பி. பொலிஸ் துவக்கோடை வரும். இவர் மண்வெட்டியைக் கீழை போடமாட்டார். பிள்ளை நடுவிலை நிக்கும்."

"வீட்டிலை வேறை ஆர்?"

"இவற்றை அக்கா, வடிவம்மா மச்சாள். இவரை வளர்த்தவா. அவவை மட்டும் நம்பிறார். நான் ஊத்தின தேத்தண்ணி கைக்குது, நஞ்சு போட்டிட்டாய் எண்டு முகத்திலை துப்பினவர். அதே கேத்திலிலை நானும் குடிச்சனான், ஐயா. ஒரு கைப்பும் இல்லை. அண்டையிலையிருந்து அக்கா குடுத்தால்தான் சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம்."

"சீனி கூடப் போடுவியளோ?"

"சீனி இல்லை. எங்கடை வீட்டிலை பனங்கட்டி கடிச்சுத்தான் குடிக்கிறது. மச்சாள்தான் ஆளுக்கொரு துண்டு தாறவா."

அவள் சட்டைக்குள்ளிருந்து ஒரு சிறிய குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். "இது இவற்றை. எனக்கு வாசிக்கப் பயமாக் கிடக்கு."

யோகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். அங்கோலாவில் எழுதிய பக்கங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. வாரத்துக்கு ஒரு வரி, எல்லாம் திங்கட்கிழமைத் திகதிகள்: "திங்கள். கனவு. உண்மை இல்லை." லீவில் வந்த பிறகும் ஜனவரி 22, 29, பெப்ரவரி 5 ஆகிய நாள்களில் அதே வரி. அதற்குப் பிறகு கையெழுத்து மாறியிருந்தது. பேனை தாளைக் கிழித்திருந்தது.

"9, வெள்ளி. இன்று திங்கள் இல்லை. ஆகவே உண்மை."

"10, சனி. உண்மை."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும், திங்கட்கிழமை கூட, அந்த ஒரு சொல் மட்டும் இருந்தது.

"பிள்ளை, இவர் ஞாயிற்றுக்கிழமையிலை ஏதாவது மருந்து எடுக்கிறவரோ?"

"ஓம். மலேரியா வராமல் இருக்கிறதுக்கு ஒரு குளிசை. கிழமைக்கு ஒண்டுதான். அங்கையிருந்து வந்தாலும் நாலு கிழமைக்கு நிப்பாட்டக்கூடாதாம். அது போட்ட அடுத்த நாள் பயங்கரக் கனவு வரும், தலை சுத்தும் எண்டவர். கம்பனிக்குச் சொன்னால் வேலை போயிடும் எண்டு சொல்லேல்லை. எழுதி வைச்சுச் சமாளிக்கிறன் எண்டவர்."

யோகலிங்கம் புத்தகத்தை மூடினார். "மஹ்றூப், எடும் ஓட்டோவை. கெதியா."

பரந்தன் சந்தியில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஏறியதும் மஹ்றூப்புக்கு வாய் திறந்தது. "யோகண்ணை, நான் சொல்லட்டோ? கோகுலன் போகாட்டி அந்த இடத்துக்கு அடுத்தது ஆர்?"

பின்னாலிருந்து பிரஷாந்தினி மெதுவாகச் சொன்னாள்: "தர்சன். அவனும் வெடி எடுக்கிற வேலைதான். லிஸ்ட்டிலை அடுத்த பேர் அவன்ரை."

"பாத்தீங்களோ! அவர் வீட்டுக்கு ஏதாவது சாப்பாடு கொண்டாறவரோ, தங்கச்சி?"

"பின்னேரத்திலை விசுவமடுவிலையிருந்து கொத்து ரொட்டி கொண்டு வாறவன்."

"கொத்து! கொத்துக்குள்ளை எதைப் போட்டாலும் தெரியாது."

"அவன் என்ரை தம்பி, அண்ணை!"

"அதாலைதான் சொல்லுறன். வெளி ஆளெண்டால் ஆர் வீட்டுக்குள்ளை விடுறது?"

"கொத்து எண்டையிலையிருந்து வருது?" என்று யோகலிங்கம் கேட்டார்.

"சனிக்கிழமையிலையிருந்து, ஐயா. இவருக்குச் சுகமில்லை எண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தவன்."

"வருத்தம் வெள்ளிக்கிழமை தொடங்கிட்டுது. கொத்து சனிக்கிழமை வந்தது. தர்சனை விடும், மஹ்றூப். றோட்டைப் பாரும்."

தர்மபுரம் தாண்டும் வரை மஹ்றூப் றோட்டைப் பார்த்தார்.

உடையார்கட்டில் வீட்டு வேலிக்கு வெளியே தர்சன் நின்றான். முப்பது வயது இருக்கும். உள்ளங்கையில் நேற்று மண்வெட்டி பட்ட காயம். "சத்தம் போடாதையுங்கோ. சத்தம் கேட்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு அறைக்குள்ளை போயிடுறார்," என்றான். இவ்வளவு நேரமும் அவனைச் சந்தேகித்த மஹ்றூப் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவனிடம் நீட்டினார்.

முற்றம் வெறுமையாக இருந்தது. வெளிர் மணல், அதன் மேல் சிவப்புத் தலையுடன் தடிகள். வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. அந்த நிலம் 2011இல் வெடி அகற்றித் துப்புரவு செய்து சான்றிதழோடு கொடுக்கப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மஹ்றூப்பின் கால் படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

யோகலிங்கம் படலையில் நின்று கூப்பிட்டார். "கோகுலன்! யோகலிங்கம் வந்திருக்கிறன். உம்மடை மாமனாற்றை விசாரணைக்கு வந்தவன். உள்ளுக்கை வர எது துப்புரவான பாதை?"

பிறகு யன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன.

"இடப்பக்கம்," என்றான் கோகுலன். "ரெண்டு தடிக்கு நடுவாலை. வேப்பமரம் வரை நேராய். மரத்தடியிலை நில்லுங்கோ. நான் சொல்லுவன்."

யோகலிங்கம் அவன் சொன்னபடியே நடந்தார். ஒரு தடியையும் தொடவில்லை. ஒரு கோட்டையும் தாண்டவில்லை. பின்னால் மஹ்றூப் அவருடைய காலடித் தடத்தில் மட்டும் கால் வைத்து, வாய்க்குள் ஓதியபடி வந்தார். பிரஷாந்தினியும் தர்சனும் அதே தடத்தில் வந்தார்கள்.

"ஏன் யோகண்ணை, இல்லாத வெடிக்குச் சுத்திப் போறம்?" என்று மஹ்றூப் மூச்சுக்குள் கேட்டார்.

"அவருக்கு இருக்குது. அதுக்காகத்தான்."

கதவு திறந்தது. கோகுலன் மண்வெட்டியை விடவில்லை. ஆனால் வழி விட்டான். சிறுமி யதுர்ஷிகா சுவரோரம் பாயில் இருந்தாள். தாயைக் கண்டதும் எழும்பினாள். தகப்பனைப் பார்த்துவிட்டு மறுபடியும் இருந்துகொண்டாள்.

குசினியிலிருந்து வடிவம்மா வந்தார். ஐம்பத்தாறு வயது. மெலிந்த உடம்பு. "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்," என்றார், ஏதோ கலியாண வீட்டுக்கு ஆட்கள் வந்ததுபோல.

"நல்லது அக்கா," என்றார் யோகலிங்கம். கோகுலனிடம் திரும்பினார். "உம்மடை ஞாயிற்றுக்கிழமைக் குளிசைப் பெட்டியை ஒருக்கால் பாக்கலாமோ?"

கோகுலன் அலுமாரியைத் தலையால் காட்டினான். பிரஷாந்தினி எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இரண்டு அட்டைகள், ஒவ்வொன்றிலும் எட்டுக் குளிசைக்கு இடம்.

முதல் அட்டையில் நான்கு இடங்கள் வெறுமை. பெருவிரலால் அமர்த்தியதில் வெள்ளித் தாள் கிழிந்து அட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது அட்டையில் ஓட்டையே இல்லை. அட்டையும் அநேகமாக இல்லை. கத்தரியால் ஒவ்வொரு குளிசையாக, அதன் சதுரத்தோடு நறுக்கி எடுக்கப்பட்டிருந்தது. ஒரே ஒரு சதுரம் மிஞ்சியிருந்தது.

"கோகுலன், வந்து எத்தனை ஞாயிறு?"

"நாலு. நாலு போட்டனான்."

"இந்த மற்ற அட்டை?"

"அது உடைக்காதது. திரும்பிப் போகேக்கை கொண்டுபோக வைச்சது."

"ஏழு இல்லை."

யோகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மடித்தார். வெள்ளிக்கிழமை பயம் வந்தது என்றால் முதல் குளிசை வியாழக்கிழமை. வியாழனிலிருந்து நேற்று வரை ஆறு நாள். வெட்டியது ஏழு. அப்போது ஏழாவது எங்கே?

கண்ணைத் திறந்தபோது வடிவம்மா தேநீர்த் தட்டோடு நின்றார். விருந்தினருக்குப் பனங்கட்டி ஒரு கிண்ணத்தில் குவியலாக இருந்தது. கோகுலனுக்கு மட்டும் ஒரு துண்டை அவர் தன் கையாலேயே கொடுத்திருந்தார். அது அவன் உதட்டருகே போய்விட்டது.

"கோகுலன்! அதை வாயிலை வைக்காதையும்!"

மண்வெட்டி உயர்ந்தது. யதுர்ஷிகா வீரிட்டாள். தர்சன் பிள்ளைக்கும் அவனுக்கும் இடையில் பாய்ந்து நின்றான். யோகலிங்கம் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"புதன்," என்றான் கோகுலன். மூச்சு வாங்கியது. "திங்கள் இல்லை. கனவு திங்கள்தான் வரும். அப்ப இது உண்மை."

"அந்தக் கணக்குச் சரி. ஆனால் உமக்கு ஒவ்வொரு நாளும் ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கு. ஆறு நாளாய். அந்தத் துண்டை என்ரை கையிலை தாரும்."

அவன் தரவில்லை. கீழே போட்டான். யோகலிங்கம் குனிந்து எடுத்து, பேனாக்கத்தியால் இரண்டாகப் பிளந்தார். கறுப்புக்கு நடுவில் வெள்ளையாகக் குளிசை இருந்தது. நாக்கு நுனியில் தொட்டுவிட்டுத் துப்பினார். "தேத்தண்ணி கைக்கேல்லை. பனங்கட்டிதான் கைச்சது. பிரஷாந்தினி ஊத்தினாலும் அக்கா ஊத்தினாலும் பனங்கட்டி குடுத்தது ஒரே கை."

எல்லாரும் வடிவம்மாவைப் பார்த்தார்கள். அவர் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"நஞ்சோ?" என்று மஹ்றூப் கேட்டார். அவருடைய குரலில் முதல்முறையாக ஆசை இல்லை.

"இல்லை. நஞ்சு வைக்கிற ஆள் சதுரம் சதுரமாய் வெட்டாது. அப்பிடி வெட்டுறது ஆர் தெரியுமோ? சண்டைக் காலத்திலை, மருந்துத் தடை இருக்கேக்கை, அகதி முகாமிலை மருந்து வாங்கின ஆக்கள். முழு அட்டை ஆருக்கும் கிடைக்காது. ஒரு ஆளுக்கு ரெண்டு, மூண்டு எண்டு கத்தரியாலை வெட்டித்தான் குடுத்தவை. வாங்கினவை அதை முந்தானையிலை முடிஞ்சுகொண்டு போவினம். மலேரியாக் குளிசை கைக்கும், சின்னப் பிள்ளையள் துப்பும். அப்ப பனங்கட்டிக்குள்ளை வைச்சுக் குடுப்பினம்." அவர் வடிவம்மாவிடம் திரும்பினார். குரல் தாழ்ந்தது. "அக்கா, ஆருக்கு அப்பிடிக் குடுத்தனீங்கள்?"

வடிவம்மாவின் முந்தானை முடிச்சில் ஒரு வெறும் வெள்ளிச் சதுரம் மினுங்கியது.

"சின்னவன்," என்றார். "இவனுக்கு இளையவன். தொண்ணூற்றேழிலை, இடம்பெயர்ந்து அக்கராயனிலை மரத்துக்குக் கீழை இருக்கேக்கை. மூண்டு குளிசை தந்தவை. அவன் ரெண்டைத் துப்பிப்போட்டான். நான் பாக்கேல்லை. பனங்கட்டி கிடைக்கேக்கை மற்ற ஒண்டைக் குடுத்தன். பிந்திப்போச்சு."

பிரஷாந்தினி தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"இவன் ஆபிரிக்காவிலையிருந்து வந்தான். அங்கை மலேரியாவாம். அட்டையைப் பாத்தன். ஒண்டு முழுசாய்க் கிடக்கு. மற்றதிலை மூண்டுதான் போட்டிருக்கிறான். இவனும் துப்புறான் எண்டு நினைச்சன். கேட்டால் இஞ்சை மலேரியா இல்லையாம் எண்டு சிரிப்பான். அதாலை வியாழக்கிழமையிலையிருந்து..." அவர் கோகுலனைப் பார்த்தார். "பயந்து நடுங்கினாய், தம்பி. எனக்குக் குளிர்காய்ச்சல் நடுக்கம் எண்டுதான் பட்டது. விடாமல் குடுத்தன்."

"கிழமைக்கு ஒண்டு எண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் யோகலிங்கம். "குளிசை சிலபேருக்கு ஒண்டிலையே கனவு காட்டும், பயம் காட்டும். இவர் அதைக் கம்பனிக்கு ஒளிச்சார். வீட்டுக்கும் முழுசாய்ச் சொல்லேல்லை. நீங்கள் இவருக்கு ஒளிச்சியள். ரெண்டு ஒளிப்பும் ஒரு பனங்கட்டித் துண்டிலை வந்து நிண்டது."

கோகுலன் சுவரில் சாய்ந்து மெல்ல இருந்தான். மண்வெட்டி மடியில் கிடந்தது. "அப்ப வேலிக்குப் பின்னாலை..."

"ஒருத்தரும் இல்லை."

"முற்றத்திலை?"

"அதுவும் இல்லை. ஆனால் நாங்கள் நீர் சொன்ன பாதையாலைதான் போவம். ஓட்டோ வெளியிலை நிக்குது. பெட்டியையும் இந்தத் துண்டையும் டொக்டருக்குக் காட்டவேணும். நீர் முன்னாலை நடவும்."

கோகுலன் மண்வெட்டியை அக்காவின் கையில் கொடுத்தான். யதுர்ஷிகா ஓடிவந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வேப்பமரத்தடியில் அவன் ஒருமுறை நின்றான், பின்னால் வருகிறவர்கள் தடத்தில் வருகிறார்களா என்று பார்த்தான். பிறகு நடந்தான்.

கிளிநொச்சி வைத்தியசாலையில் கோகுலனைப் பன்னிரண்டு நாள்கள் வைத்திருந்தார்கள். மருந்து உடம்பைவிட்டுப் போகக் கிழமைகள் எடுக்கும் என்றும், இனி அந்தக் குளிசை அவனுக்கு ஒருபோதும் கொடுக்கக்கூடாது என்றும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பெப்ரவரி 25 விமானத்தில் தர்சன் போனான். அவனுக்கு நாளுக்கு ஒன்றாகப் போடும் வேறு குளிசை கொடுக்கப்பட்டது. ஏப்ரல் 6ஆம் திகதி காலை கோகுலன் முற்றத்துத் தடிகளைத் தானே பிடுங்கினான். மொத்தம் நாற்பத்தொரு தடிகள். வடிவம்மா அவற்றை அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்.