முயல் குடித்த தண்ணீர்

கூட்டின் அடியில் விரித்திருந்த பத்திரிகைத் தாளில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. சிவகௌரி நகத்தால் சுரண்டினாள். சுவர்ப் பூச்சு உதிர்வதுபோல மாவாக உதிர்ந்தது. முயலின் மூத்திரம். முயலோ மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, போட்ட கீரையைத் தொடாமல், பல்லை மட்டும் ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தது. ஈர வைக்கோலின் புளித்த மணத்துக்குள் அந்தச் சத்தம் யாரோ தூரத்தில் அம்மி அரைப்பதுபோல நாள் முழுக்கக் கேட்டது.

மகள் ஆரணியின் நாலாவது பிறந்தநாளுக்கு, பக்கத்து வளவில் இருக்கும் அண்ணன் வாகீசன் கொடுத்த முயல் அது.

முயலைக் கூடையில் வைத்துக்கொண்டு, ஆரணியையும் கூட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்துக்கு மிருக வைத்தியரிடம் போனாள். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், இரத்தம் எடுத்தார்.

"மூத்திரம் வெள்ளையாப் போறது முயலுக்கு வழமைதான் தங்கச்சி. ஆனா இதின்ரை சிறுநீரகம் ரெண்டும் பழுதாப் போட்டுது. என்ன தண்ணி குடுக்கிறனீங்கள்?"

"குழாய்த் தண்ணிதான் டொக்டர். எங்கடை கிணத்திலயிருந்து தொட்டிக்கு ஏறுறது. நல்ல தண்ணி."

"சோதிச்சனீங்களே?"

"குடிச்சுப் பாருங்கோவன், இனிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "தண்ணியாலதான் எண்டு நான் சொல்லமாட்டன். தீனியாலயும் வரும். எண்டாலும் ஒருக்கா சோதியுங்கோ. வீட்டில சின்னப் பிள்ளையும் இருக்கெல்லே."

பஸ்ஸில் மடியிலிருந்த கூடை மெல்ல அதிர்ந்துகொண்டே வந்தது. பண்டத்தரிப்புச் சந்தியில் இறங்கியபோது பல்லரைக்கும் சத்தம் நின்றிருந்தது.

வீட்டுக் கிணறு பங்குக் கிணறு. இரண்டு வளவுக்கும் நடு எல்லையில் இருந்தது. அரைவாசி அண்ணனுக்கு, அரைவாசி சீதன வீட்டோடு அவளுக்கு எழுதியது. கலியாணத்துக்கு முந்திய மாதம் அண்ணன் தானே நெல்லிக் கட்டை வெட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். நெல்லி ஊறினால் தண்ணீர் இனிக்கும். உவர்க்காத தண்ணீரை அந்த ஒழுங்கையில் யாரும் சந்தேகிப்பதில்லை. கணவன் சுதாகரன் டோகாவிலிருந்து வரும்போதெல்லாம் முதலில் ஒரு செம்பு அள்ளிக் குடித்துவிட்டுத்தான் உடுப்பு மாற்றுவான். அவள் முயலுக்குக்கூட இரண்டு தரம் கொதிக்கவைத்து ஆற்றித்தான் வைத்தாள்.

பொழுது மங்கிக்கொண்டிருந்தது. "செத்ததைத் தொட்டனீ, போய்க் கைகால் கழுவு" என்று ஆரணியைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, கூடையை மாவடியில் இறக்கி வைத்தாள். பிறகு ஏனென்று தெரியாமலே கிணற்றடிக்கு நடந்தாள். பாசியின் மணமும் உள்ளிருந்து எழுந்த குளிரும் முகத்தில் படிய, கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கீழே பிடித்தாள்.

இரண்டு குழாய்கள் இறங்கின. ஒன்று அவளுடையது. தண்ணீருக்குள் போயிருந்தது.

மற்றது அண்ணனுடையது. பாதியில் நின்றது. வெட்டிய வாய். அதில் சிலந்தி வலை.

அவள் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் புகுந்து அண்ணனின் குசினி வாசலுக்கு வந்தாள். கதவடியில் கடையில் வாங்கிய நீலத் தண்ணீர்க் கான்கள் வரிசையாக நின்றன. அண்ணன் ஒன்றைச் சரித்துக் கேத்தலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார்.

"முயல் செத்துப்போச்சோ?"

அவள் இன்னும் சொல்லவில்லை.

"அண்ணை, கிணத்துத் தண்ணியைச் சோதிச்சனீங்களோ?"

"ஓம்."

"எப்ப?"

"உன்ரை கலியாணத்துக்கு முதல்."

கேத்தல் நிரம்பியது. அவர் மூடினார்.

"அப்ப அந்த நெல்லிக் கட்டை?"

"குடிக்கக் கூடாத தண்ணி எண்டு தெரிஞ்சிருந்தா சுதாகரன் உந்த வீட்டுக்கு ஓமெண்டிருப்பானே? வேற என்னட்டை என்ன இருந்தது குடுக்க? நீ வீட்டோடை இருந்திருப்பாய் கௌரி."

"ஆறு வருசம் அண்ணை. வேலிக்கு இஞ்சால இருந்துகொண்டு."

"வாயாலை சொல்லேலாமக் கிடந்தது. அதுதான் முயலைத் தந்தனான்." அவருடைய குரல் சாந்தமாக இருந்தது, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல. "சின்ன உடம்பிலதானே முதல் காட்டும். பாத்து விளங்கிக்கொள்ளுவாய் எண்டு நினைச்சன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை இப்ப அடிக்கடி தண்ணி கேக்கிறவளோ?" என்று அவர் கேட்டார்.

அவள் ஓடினாள். வேலிப் பொட்டின் கம்பி கையைக் கிழித்தது.

குழாயடி இருண்டிருந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. விழுங்கும் சத்தம். ஒரே தாளத்தில்.

ஆரணி முழங்காலில் நின்றாள். வாய் குழாயைக் கவ்வியிருந்தது.

"பிள்ளை, குடிச்சது காணும், விடு."

விடவில்லை.

தோளைப் பிடித்து இழுத்தாள். சின்னத் தோள். அசையவில்லை. குழாயில் பற்கள் உரசின. சட்டைக்குள் வயிறு உருண்டு இறுகியிருந்தது. சிவகௌரி குழாயைத் திருகி மூடினாள். இறுக்கி மூடினாள். கை வலித்தது.

ஆரணியின் தொண்டை ஏறியது. இறங்கியது.

மூச்சு எடுக்கவில்லை. மூக்கால் தண்ணீர் வழிந்தது. கண்கள் விரிந்து, இமைக்காமல், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தன.

மூடிய குழாயிலிருந்து அவள் இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.